சுடுநீர் ஊற்றுக்குப் பெரியவர்களை அழைத்துச் செல்லும் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய ஆலய நிர்வாகத்தினர், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்கள், மூத்த குடிமக்கள் மன்றத்தினர், இளைஞர் இயக்க நண்பர்கள் ஆகிய அனைவருக்கும் வணக்கம்.

இந்த நீண்ட பள்ளி விடுமுறையில் மலைக்காட்டிலுள்ள சுடுநீர் ஊற்றுக்கு வேன் ஏற்பாடு செய்திருப்பதாக நம் ஊரின் ஒன்றுக்கு மேற்பட்ட அமைப்புகளிடமிருந்து எனக்கு வாட்சாப் வழியாக அழைப்பு வந்துள்ளது. புறப்படும் நேரம், கட்டணம், பசியாறல், மாற்றுடை என்று எல்லாவற்றையும் முறையாகவே எழுதியிருக்கிறீர்கள். ஆனால் யாரிடமிருந்து யார் எடுத்துப் போட்டார்களோ, எல்லா அழைப்புகளிலும் ஒரே வரி எழுத்து மாறாமல் நிற்கிறது: இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர்களுக்கும் கால் மரத்துப்போனவர்களுக்கும் இந்தத் தண்ணீர் கைகண்ட மருந்து, ஆகவே வீட்டிலுள்ள பெரியவர்களைத் தவறாமல் அழைத்து வாருங்கள் என்பதே அது. அந்த வரியை நீக்கிவிட்டு, கால் மரத்துப்போனவர்கள் எக்காரணம் கொண்டும் ஊற்றுநீரில் கால் வைக்கக்கூடாது என்று அதே இடத்தில் எழுத வேண்டும் எனக் கேட்டுக்கொள்வதற்காகவே இம்மடல்.

பணி ஓய்வு பெறும் வரை தென் பேராவின் தோட்டங்களில் மருத்துவ உதவியாளராக இருந்தவன் நான். உங்களில் பலருடைய பெற்றோர் என்னை 'டிரெசர்' என்று அழைத்துப் பழகியவர்கள். பால்மரம் வெட்டியவர்களின் கால்களையும், பின்னாளில் செம்பனைக் குலை அறுத்தவர்களின் கால்களையும் கழுவிக் கட்டுப் போட்டே என் காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. பயணமே வேண்டாம் என்று தடுக்கும் எண்ணம் எனக்கில்லை. அதிகாலைக் குளிரில் ஆற்றின் ஒரு கரையில் மட்டும் ஆவி எழுந்து மரங்களுக்கிடையே படர்வதையும், பாறை இடுக்கில் குமிழி விடும் தண்ணீருக்குச் சற்றுத் தள்ளியே மலையாறு சில்லென்று ஓடுவதையும் கண்டவர்களுக்கு மறுபடியும் போக வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. எனக்கும் தோன்றுகிறது. லயத்து வீடுகள் இடிக்கப்பட்டு, தோட்டத்து மக்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் சிதறிப்போன பிறகு, மூன்று தலைமுறையும் ஒன்றாக ஒரு நாளைக் கழிக்க இத்தகைய பயணங்களை விட்டால் நமக்கு வேறு வாய்ப்புகள் குறைவு என்பதையும் அறிவேன்.

ஆயினும் இனிப்புநீர் பல ஆண்டுகள் உடலில் தங்கும்போது பாத நரம்புகள் எப்படிக் கெடுகின்றன என்பதைச் சொல்லாமல் என் கோரிக்கை விளங்காது. முதலில் பாதத்தில் எரிச்சலும் ஊசி குத்துவது போன்ற உணர்வும் வரும். இரவில் போர்வை பட்டாலே சிலருக்குத் தாங்காது. பிறகு அந்த எரிச்சல் மெல்லக் குறையும். நோய் குணமாகிவிட்டது என்று பலர் மகிழ்வது இந்தக் கட்டத்தில்தான். உண்மையில் வலியையும் சூட்டையும் மூளைக்குக் கொண்டு செல்லும் நரம்புகள் செயலிழந்துவிட்டதால்தான் எரிச்சலும் தெரிவதில்லை. செருப்பு கழன்று விழுந்தாலும் அறியாமல் நடப்பவர்களையும், ஆணி ஏறிய காலோடு மாலை வரை வேலை செய்துவிட்டு வீட்டில் இரத்தக் கறையைப் பார்த்துத் திடுக்கிட்டவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். இப்படிப்பட்ட கால்களைத்தான், மரத்துப்போய்விட்டது, சுடுதண்ணீரில் வைத்தால் உணர்ச்சி திரும்பும் என்று நாம் ஊற்றில் இறக்குகிறோம். நல்ல கால், சூடு தாங்காவிட்டால் உடையவரைக் கேட்காமலேயே தண்ணீரைவிட்டு வெளியே வந்துவிடும். இந்தக் கால் வராது, வெந்துகொண்டே இருக்கும்.

நம் ஊர் மூதாட்டி ஒருவருக்கு நேர்ந்தது இதுதான். குழுவாகப் போன இடத்தில் மற்றவர்கள் கால் வைத்த உடனே இழுத்துக்கொண்ட மேல் குழியில் அவர் மட்டும் அமைதியாக அமர்ந்திருந்தார்; 'அம்மாவுக்கு எவ்வளவு தாங்கும் சக்தி பாருங்கள்' என்று உடன் வந்தவர்கள் வியந்து படமும் எடுத்தார்கள். வேனில் திரும்பும்போதும் அவர் வலி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் காலையில் மகள்தான் பாதத்தின் அடியில் நீர்க்கொப்புளங்களையும் உரிந்த தோலையும் கண்டார். புண் ஆறாமல் உள்ளே இறங்கி, இறுதியில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. அழைத்துச் சென்றவர்கள் அன்போடுதான் அழைத்துச் சென்றார்கள். அந்த அழைப்பிலும் இதே வரி இருந்தது.

இது ஏதோ அரிதாக நிகழ்வது என்று எண்ணிவிட முடியாது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, மலேசியாவிலுள்ள வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. இந்தியரிடையே அந்த விகிதம் 31.4 விழுக்காடு, எல்லா இனத்தவரையும்விட அதிகம். நீங்கள் நிரப்பும் ஒரு வேனில் உள்ளவர்கள் பெரும்பாலும் ஐம்பதைக் கடந்தவர்கள் என்றால், அவர்களில் எத்தனை பேர் மருந்துப் பையோடு ஏறுகிறார்கள் என்பதை நீங்களே கண்டிருப்பீர்கள்.

அடுத்து, தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தீபகற்ப மலேசியாவில் அறுபதுக்கு மேற்பட்ட இடங்களில் சுடுநீர் ஊற்றெடுக்கிறது. அவற்றில் பல தித்திவாங்சா மலைத்தொடரின் கருங்கற்பாறைகளை ஒட்டியே அமைந்துள்ளன. இங்கே இயங்கும் எரிமலை எதுவும் இல்லை. மலையில் பெய்யும் மழைநீர் பாறைப் பிளவுகளின் வழியே ஆழத்துக்கு இறங்கி, அங்கே நிலத்தின் உட்சூட்டைப் பெற்று, வேறொரு பிளவின் வழியே மேலே ஏறி வருகிறது. ஆகவே குழாய்த் தண்ணீரைப் போல அது ஒரே சூட்டில் இருப்பதில்லை. அருகிலுள்ள ஆற்றுநீர் கலக்கும் அளவுக்கேற்ப மாறும். மழைக்காலத்தில் இதமாக இருந்த அதே குழி, வறண்ட மாதத்தில் கால் வைக்க முடியாதபடி கொதிக்கலாம். ஒரே குளத்தில் மேற்பரப்பு வெதுவெதுப்பாகவும், நீர் சுரக்கும் மணல் படுகை அதைவிட மிகக் கடுமையாகவும் இருக்கலாம். கையால் மேலே தொட்டுப் பார்த்து 'பரவாயில்லை' என்று சொல்லும்போது, பாட்டியின் பாதம் பதியப்போவது அந்த மணலில் என்பதை மறந்துவிடுகிறோம்.

ஊற்றுநீரில் முட்டை வேகவைக்கும் விளையாட்டையும் இதனோடு சேர்த்து எண்ணிப் பாருங்கள். முட்டையின் வெள்ளைக்கரு கெட்டியாவதற்கே அறுபது பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூடு வேண்டும். அந்தச் சூட்டில் ஆரோக்கியமான பெரியவரின் தோலே ஐந்தாறு விநாடிகளில் ஆழமாக வெந்துவிடும். 66 பாகையில் இரண்டு விநாடி போதும். 54 பாகையில் அரை நிமிடம். 49 பாகையில் ஏறக்குறைய ஐந்து நிமிடம். குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் தோல் மெல்லியது என்பதால் இதைவிடக் குறைந்த நேரமே போதுமானது. முட்டைக் கூடையை இறக்கிய குழியிலிருந்து வழிந்தோடும் நீரில், நாலடி தள்ளிக் கால் நனைக்க நாற்காலி போடுகிறோம். உடம்புக்கு இதமான சூடு 38 முதல் 40 பாகைதான். அதற்கு மேல் சூடு கூடக் கூட மருந்தும் கூடுகிறது என்ற நம்பிக்கைக்கு மருத்துவத்தில் ஆதாரம் எதுவும் கிடையாது. மூட்டு வலிக்கு மிதமான வெந்நீர் இதம் தரும் என்பதை நான் மறுக்கவில்லை. அந்த இதத்தை வீட்டில் ஒரு வாளித் தண்ணீரிலும் பெறலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஊற்றின் மேல் பக்தி கொண்டவர்கள் பொறுத்தருள வேண்டும்.

காலோடு இந்த ஆபத்து நின்றுவிடுவதில்லை. இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர் சுடுநீரில் அமர்ந்தால், தோலுக்கடியில் இரத்த ஓட்டம் கூடி, மருந்து வழக்கத்தைவிட வேகமாக உடலில் ஏறும். காலை ஐந்தரைக்கு வேன் வந்துவிடும் என்று ஊசியை மட்டும் போட்டுக்கொண்டு, பசியாறலை ஊற்றில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று புறப்படுபவர்களுக்கு, அங்கே இரத்தத்தில் சர்க்கரை திடீரென இறங்கிவிடக்கூடும். வியர்வை, நடுக்கம், மயக்கம் ஆகிய அடையாளங்கள் எல்லாம் சுடுதண்ணீரில் இருப்பவருக்கு இயல்பாகவே தோன்றுபவை என்பதால் பக்கத்தில் இருப்பவர்களும் கண்டுகொள்ள மாட்டார்கள். இரத்த அழுத்த மாத்திரை உண்பவர்களின் நிலையும் இதற்கு நெருக்கமானது. சூட்டில் இரத்தக் குழாய்கள் விரிந்து அழுத்தம் தானாகவே குறையும்; மாத்திரையும் சேர்ந்து குறைக்கும்; கால்மணி நேரம் அமர்ந்தவர் சட்டென்று எழுந்து நின்றால் கண் இருண்டு பாறைமேல் விழுவார். ஆற்றோரத்தில் பீர் போத்தல்களைத் திறக்கும் இளைஞர்கள், மதுவும் இதே வேலையைச் செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தப் போத்தல்களின் உடைந்த துண்டுகள் அடுத்த வாரம் வருபவரின் உணர்ச்சியற்ற காலுக்காகக் காத்திருப்பதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை.

புண்ணோடு காட்டு நீரில் இறங்குவதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் நம்மவர்கள் புண் ஆறுவதற்கென்றே அங்கே போகிறார்கள். நம் நாட்டு மண்ணிலும் சேற்றுநீரிலும் மெலியோய்டோசிஸ் என்ற நோயை உண்டாக்கும் நுண்ணுயிர் வாழ்கிறது; அது தோலிலுள்ள சிறு கீறல் வழியாகக்கூட உள்ளே நுழையும், அதனால் மிக எளிதாகப் பீடிக்கப்படுபவர்கள் இனிப்புநீர் உள்ளவர்கள். 2010ஆம் ஆண்டு பகாங்கிலுள்ள லுபோக் யூ நீர்வீழ்ச்சிப் பகுதியில் நீரில் மூழ்கியவரைத் தேடும் பணியில் ஈடுபட்டவர்களிடையே இந்த நோயும், எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிசும் ஒன்றாகத் தாக்கி உயிர்ப்பலி வாங்கியதை அந்நாளில் செய்தி படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஊற்றுநீர் கொதிக்கிறதே, கிருமி எப்படி இருக்கும் என்று கேட்கலாம். நாம் குளிக்கும் இடம் கொதிக்கும் இடமன்று. ஆற்றுநீரும் கரைச்சேறும் கலந்து இதமாக ஆறிய இடம். வெதுவெதுப்பான நன்னீரில் மூக்கின் வழியே புகும் அமீபா ஒன்றும் உண்டு. அரிதுதான் என்றாலும் புகுந்தால் மூளையைத் தாக்கும். பிழைப்பவர் மிகச் சிலரே. ஆகவே பிள்ளைகளைத் தலை முழுக விடாதீர்கள், மூக்கில் தண்ணீர் ஏற விடாதீர்கள்.

'எங்கள் தாத்தா பாட்டி காலத்திலிருந்து இங்கேதான் குளிக்கிறோம், யாருக்கும் ஒன்றும் ஆனதில்லையே' என்ற மறுமொழி வரும் என்பதை அறிவேன்; கூட்டங்களில் அதைக் கேட்டும் இருக்கிறேன். அது பெருமளவு உண்மையே. விடியுமுன் எழுந்து நூற்றுக்கணக்கான மரங்களை வெட்டி, பால் சுமந்து, மேட்டிலும் பள்ளத்திலும் நடந்த அந்தத் தலைமுறையில் இனிப்புநீர் இந்த அளவுக்குப் பரவியிருக்கவில்லை. அவர்களுடைய பாதங்கள் வெடித்திருந்தன, ஆனால் உணர்ச்சியோடு இருந்தன. மேலும் அவர்கள் காட்டையொட்டி வாழ்ந்து, எந்தக் குழி எந்த மாதத்தில் சூடேறும் என்பதை அறிந்து, கால் பெருவிரலால் தொட்டுப் பார்த்தே இறங்கியவர்கள். ஆண்டுக்கு ஒருமுறை நகரத்திலிருந்து வேனில் வந்து இறங்கி, இரண்டு மணி நேரத்தில் முழுப் பலனையும் பெற்றுவிட வேண்டும் என்று அவசரப்படும் நம்மோடு அவர்களை ஒப்பிடுவது பொருந்தாது. பெரியவர்களின் பழக்கத்தைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லும் நாம், அவர்களுடைய எச்சரிக்கையை மட்டும் விட்டுவிட்டோம்.

பெரியவர்களைச் சுடுநீருக்குத்தான் அழைத்துச் செல்ல வேண்டும் என்றால், முறைப்படுத்தப்பட்ட இடங்களைத் தேர்ந்தெடுங்கள் என்பதே என் முதல் பரிந்துரை. சுங்காய்க்கு அருகிலுள்ள சுங்கை கிளாவில், முட்டை வேகவைக்கும் கொதிநீர்ப் பகுதி வேறாகவும், குளிப்பதற்கான ஆறிய குளங்கள் வேறாகவும் பிரிக்கப்பட்டுள்ளன. சபாவின் போரிங் ஊற்றில் தொட்டிக்குச் சுடுநீரும் குளிர்நீரும் தனித்தனிக் குழாய்களில் வருவதால், வேண்டிய அளவு கலந்துகொள்ளலாம். நுழைவுக் கட்டணம் சில ரிங்கிட் கூடுதலாகத்தான் ஆகும். அங்கும் மரத்துப்போன கால் மரத்துப்போன கால்தான் என்றாலும், தவறு நேர்ந்தால் சாலையும் தொலைபேசித் தொடர்பும் ஆட்களும் பக்கத்தில் இருப்பார்கள். காட்டு ஊற்றில் செம்பனைத் தோட்டத்து லோரிப் பாதை முடிந்த பிறகு நடந்துதான் போக வேண்டும். மேலாற்றில் மழை பெய்து நீர் திடீரெனப் பெருகி வந்தால் கரையேறி ஓட வேண்டும். கைபேசியில் அலைவரிசை இருப்பது நிச்சயமில்லை. ஊன்றுகோலோடு வருபவரைச் சுமந்து மேடேறப் போவது யார் என்பதைப் பெயர் வாங்கும்போதே முடிவு செய்திருக்கிறீர்களா?

காட்டு ஊற்றுக்கே போவதென்றால், அது நிரந்தர வனக் காப்பகத்துக்குள் இருக்குமானால் வன இலாகாவின் நுழைவு அனுமதி தேவை. 1984ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டத்தின்கீழ் அனுமதியின்றி நுழைவது குற்றம். கட்டணம் கொடுத்து அனுமதி வாங்குவதை வீண் செலவாகக் கருதும் வழக்கம் நம்மிடையே உண்டு. எத்தனை பேர் உள்ளே போனார்கள் என்பது பதிவில் இருந்தால்தான், ஏதேனும் நேரும்போது எத்தனை பேரைத் தேடுவது என்பது மீட்புப் படைக்குத் தெரியும். அந்த மலையடிவாரத்தில் வாழும் செமாய் பூர்வகுடி மக்களில் ஒருவரை வழிகாட்டியாக, உரிய கூலி கொடுத்து அழைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் வாழிடத்தின் வழியாகத்தான் நாம் போகிறோம். எந்தக் குழியில் எப்போது இறங்கக்கூடாது என்று அவர்கள் சொன்னால், அதைப் பேரம் பேசாமல் ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஒரு வெப்பமானி வாங்குங்கள். காய்ச்சல் பார்க்கும் கருவி நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று பாகையோடு நின்றுவிடும் என்பதால் அது உதவாது. சமையலுக்குப் பயன்படும் நீண்ட முனை கொண்ட வெப்பமானி கடைகளில் குறைந்த விலைக்கே கிடைக்கிறது. முதலில் போகும் இளைஞர் ஒருவர் அதை மேற்பரப்பில் மட்டுமல்லாமல் படுகை மணல் வரை இறக்கிப் பார்த்து, நாற்பதுக்கு மேல் காட்டும் இடங்களுக்குக் கயிறு கட்டிவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும். யார் தண்ணீரில் இறங்கலாம் என்பதை ஊற்றங்கரையில் வைத்து முடிவு செய்யாதீர்கள். அங்கே ஆசைதான் வெல்லும். பெயர் கொடுக்கும்போதே இனிப்புநீர், இரத்த அழுத்தம், இருதய நோய், கர்ப்பம், ஆறாத புண் ஆகியவற்றைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இனிப்புநீர் உள்ளவர்கள் பயணத்துக்கு முன் அரசாங்கக் கிளினிக்கில் பாதப் பரிசோதனை செய்துகொள்ளட்டும். மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கும் அந்தச் சோதனை சில நிமிடங்களில் முடியும், வலிக்காது. உணர்ச்சி குறைந்தவர்கள் பயணத்துக்கு வரலாம், நிழலில் அமரலாம், பேரப்பிள்ளைகளைப் பார்த்து மகிழலாம்; கால் மட்டும் காலணிக்குள் இருக்க வேண்டும்.

யாருக்காவது சுட்டுவிட்டால், சுத்தமான குளிர்ந்த நீரை இருபது நிமிடம் அந்த இடத்தில் ஊற்றிக்கொண்டே இருங்கள். அதற்கென்றே குடிநீர்க் கலன்களைக் கூடுதலாக வேனில் ஏற்றுங்கள். பற்பசை, கிச்சாப் (சோயா சாறு), முட்டை வெள்ளைக்கரு, விபூதி எதையும் பூசாதீர்கள். பூசியதைச் சுரண்டி எடுப்பதற்குள் நோயாளி படும் பாட்டை நான் அறிவேன். கொப்புளத்தை உடைக்காமல், சுத்தமான துணியால் தளர்வாக மூடி, அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். வலிக்கவில்லை என்று பெரியவர் சொன்னால், அதுவே அவரை இன்னும் விரைவாகக் கொண்டு செல்வதற்கான காரணம்.

உங்கள் ஏற்பாட்டுக் கூட்டத்தின் நாளையும் இடத்தையும் தெரிவித்தால், என்னிடமுள்ள வெப்பமானியோடும் பாதப் பரிசோதனை இழையோடும் நான் வந்து, பெயர் கொடுத்தவர்களின் கால்களைக் கட்டணமின்றிப் பார்த்துத் தருகிறேன். வேன் புறப்படும் நாளன்றும் உடன்வரத் தயாராக இருக்கிறேன். அதற்கெல்லாம் முன்பாக, வாட்சாப்பில் சுற்றிக்கொண்டிருக்கும் அந்த அழைப்பை இன்றே திருத்தி மறுபடியும் அனுப்புங்கள். கைபேசி பார்க்காத பெரியவர்கள் ஏற்கெனவே பெயர் கொடுத்திருக்கிறார்கள், அவர்கள் வீடுகளுக்கு யாராவது நேரில் போய்ச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்ட மருத்துவ உதவியாளர்,
தென் பேரா